நுரைக்கும் எரிச்சலுக்கும் நடுவில்

எங்கள் பகுதியில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தேய்க்கத் தேய்க்க வழுக்கும், பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒரு பிசுக்குப் படியும், அவ்வளவுதான். தென்சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது புதிதல்ல. வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்கிற ஊர் இது. இந்தத் தண்ணீரில் எப்படியாவது நுரை வரவேண்டும் என்பதற்காகவே சோப்பை விட்டு ஃபேஸ்வாஷுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். ஒரு சொட்டு எடுத்தால் கை நிறைய நுரை. முகத்தைக் கழுவித் துடைத்ததும் விரலை வைத்தால் கறுக்கென்று பிடிக்கும். அப்பாடா, எண்ணெய் போச்சு, அழுக்கு போச்சு என்று ஒரு நிம்மதி.

அந்தக் கறுக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நான் மருத்துவர் இல்லை. கல்லூரியில் வேதியியல் படித்தவள், பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் கூடையில் போடாதவள், அவ்வளவே.

தங்கை மகள் வந்திருந்தாள். ஓ.எம்.ஆரில் வேலை, தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறாள்.

"பெரியம்மா, எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எதைப் போட்டாலும் எரியுது. வெறும் தண்ணி பட்டாலே சுருக்குன்னுது."

சிரிப்பு வந்தாலும், அவள் சொன்னது ஏறக்குறைய நிபுணர்கள் சொன்னதேதான். நமைச்சலை ஆராயும் சர்வதேச அமைப்பு ஒன்றின் குழு 2017-ல் இதற்கு ஒரு வரையறை வெளியிட்டது. சாதாரணமாக எந்தத் தொந்தரவும் தரக்கூடாத ஒன்று பட்டால் எரிச்சல், சுருக், நமைச்சல், வலி, ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தால் அது சென்சிட்டிவ் ஸ்கின். தோல் சிவந்திருக்கலாம், பார்க்க ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதாவது இது முதலில் ஓர் உணர்வு. எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம் என்று பிரிப்பது போலப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்ட ஒரு வகை என்று நினைத்துக்கொண்டு, அதற்கென்று ஒரு பாட்டில் தேடிப் போவதில்தான் தடம் மாறுகிறோம். எண்ணெய் வழியும் முகமும் எரியும். பருக்கள் உள்ள முகமும் எரியும். ஏன் எரிகிறது என்று கேட்காமல் எதை வாங்குவது என்று கேட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

எரிச்சலைச் சோதிக்க ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1977-ல் பீட்டர் ஃப்ராஷ், ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற இருவர் எழுதி வைத்தது. ஆளை வியர்த்துக் கொட்டும் சூட்டில் உட்கார வைத்து, மூக்கோரத்து மடிப்பில் 5 சதவீத லாக்டிக் அமிலத்தைத் தேய்த்து, எவ்வளவு எரிகிறது என்று நிமிடக் கணக்கில் கேட்பார்கள். சிலருக்கு ஒன்றுமே இருக்காது, சிலர் துடித்துப்போவார்கள். அந்தச் சூடான புழுக்க அறையை அவர்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. நமக்கு மே மாதம் அதை இலவசமாகத் தருகிறது. வியர்வையில் ஊறிய முகத்தில் ஒரு 'ஆசிட்' ஃபேஸ்வாஷைத் தேய்க்கிற ஒவ்வொருவரும் அந்தப் பரிசோதனையைத் தன் செலவில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

கிளிக்மேனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது? தோலின் மேலடுக்கு சராசரியாக 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். பீட்டர் இலையாஸ் என்ற தோல் ஆய்வாளர் இதைச் செங்கல் சுவர் என்று விளக்கினார். உயிரிழந்த செல்கள் செங்கல், நடுவில் உள்ள கொழுப்பு சாந்து. செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சாந்து. அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாது, வெளியே இருக்கும் கண்டதும் உள்ளே வராது. அது கரைந்துவிட்டால், அடியில் இருக்கும் நரம்பு நுனிகளை எல்லாமே போய்த் தொடும். அந்த நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்று ஓர் உணர்வி இருக்கிறது. மிளகாயின் காரத்தை நாம் 'எரிச்சல்' என்று உணர்வதே இதன் வழியாகத்தான். 1997-ல் இதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய்க்கு மட்டுமல்ல, ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டுக்கும், அமிலத்துக்கும் அது விழித்துக்கொள்ளும். மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி டேங்கிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கையே சுடும். அதில் முகம் கழுவிவிட்டு ஃபேஸ்வாஷைத் திட்டுவதில் நியாயமில்லை. ஒரு குவளைத் தண்ணீரை நிழலில் எடுத்து வைத்துக் கழுவிப் பார்த்தாலே சிலருக்குப் பாதி எரிச்சல் போய்விடும்.

இனி சோப்புக்கு வருவோம். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். ஏறத்தாழ 5. இதற்கு 'அமிலப் போர்வை' என்று 1928-லேயே ஷாடே, மார்க்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். குளியல் சோப்பின் பி.எச். 9-லிருந்து 10. பார்க்க நாலைந்து எண் வித்தியாசம்தான், ஆனால் இந்த அளவுகோலில் ஓர் எண் என்றால் பத்து மடங்கு. 5-க்கும் 9-க்கும் நடுவில் பத்தாயிரம் மடங்கு. அந்தச் சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். காரம் ஏறினால் அவை மந்தமாகும், செங்கல்லைப் பெயர்க்கும் வேறு நொதிகளுக்கு வேகம் பிடிக்கும். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். காலை, மதியம், மாலை, வெளியே போய்வந்த பிறகு, ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும் முன் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் அதற்கு நேரம் எங்கே?

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். இது இந்தியத் தர நிர்ணயம். அதிக டி.எஃப்.எம். இருந்தால் முகத்துக்கு மென்மை என்று யூடியூபில் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. கட்டியில் கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்லும். 80 சதவீதமாக இருந்தாலும் அது சோப்புதான், பி.எச். அதேதான். பேபி சோப் என்று எழுதியிருப்பவற்றிலும் பல இந்த வகைதான். அதோடு உப்புத் தண்ணீர். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பக்கெட் விளிம்பில் படிந்ததே, அந்தப் பிசுக்கு, அது நெற்றியிலும் தாடையிலும் படியும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தாரும் லண்டன் கிங்ஸ் கல்லூரியாரும் சேர்ந்து செய்த ஆய்வில், கடினநீரில் கழுவும்போது சோடியம் லாரில் சல்ஃபேட் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சலைக் கூட்டுகிறது என்று தெரியவந்தது. இந்தத் தண்ணீரில் எதைப் போட்டாலும், வழக்கமாகக் கழுவுவதைவிட இன்னும் இரண்டு கை தண்ணீர் கூடுதலாக ஊற்றிக் கழுவுங்கள். முடி தொடங்கும் ஓரமும் காதுக்கு முன்னாலும் எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள்.

சோப்பு அல்லாத கட்டிகளும் இருக்கின்றன. 1957-ல் அமெரிக்காவில் வந்த டவ் அந்த வகையில் பெயர் பெற்றது. தேங்காயெண்ணெயின் கொழுப்பிலிருந்து எடுக்கும் ஐசெத்தியோனேட் என்பதுதான் அவற்றில் அழுக்கை எடுக்கும் சரக்கு. பி.எச். சோப்பைவிடத் தோலுக்கு நெருக்கமாக இருக்கும், கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்கும் வராது. உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

சல்ஃபேட் என்ற சொல்லைக் கண்டாலே பாட்டிலைக் கீழே வைத்துவிடுபவர்களுக்கு ஒரு செய்தி. 1947-ல் டெக்சாஸில் பிறந்த செட்டாஃபில் கிளென்சரைத் தோல் மருத்துவர்கள் பல தலைமுறையாக எழுதிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். அதன் பழைய செய்முறையில் எட்டே பொருட்கள்: தண்ணீர், சீட்டைல் ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைக்கால், ஸ்டியரைல் ஆல்கஹால், மூன்று பாராபென், அப்புறம் சோடியம் லாரில் சல்ஃபேட். ஆமாம், அதேதான். ஆனால் கொஞ்சமே கொஞ்சம், அதுவும் கொழுப்பு ஆல்கஹால்களின் நடுவில். அழுக்கை எடுக்கும் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிந்தால்தான் தோலுக்குள் நுழையும். துணையோடு பெரிய கொத்தாகச் சேர்ந்திருந்தால் நுழைவது குறையும். எவ்வளவு இருக்கிறது, எதோடு இருக்கிறது என்பதைப் பார்க்காமல் ஒரு பெயரை மட்டும் வில்லனாக்குவது விளம்பரக்காரர்களுக்கு வசதி. 'ஆல்கஹால்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், சீட்டைலும் ஸ்டியரைலும் மெழுகு போன்றவை, ஸ்பிரிட் அல்ல.

மறுபக்கமும் உண்டு. தேங்காயிலிருந்து வந்தது, மென்மையானது என்று கொண்டாடப்படும் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டைனை 2004-ன் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் அறிவித்தது. தயாரிப்பில் தங்கிவிடும் கசடுகள்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். 2017-ல் அந்தப் பட்டம் ஆல்கைல் குளுக்கோசைடுகளுக்குப் போனது, 'இயற்கை' கிளென்சர்களில் எல்லாம் இருக்கும் அதே டெசைல் குளுக்கோசைடு வகை. மிகப் பெரும்பாலானோருக்கு இவை ஒன்றும் செய்யாது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பொருள் என்று எதுவும் கிடையாது என்பதற்குத்தான் சொன்னேன். 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற முத்திரையையும் அந்த அளவுக்கே நம்புங்கள். அமெரிக்க அரசு 1975-ல் அந்தச் சொல்லுக்கு ஒரு விதி கொண்டுவந்தது, இரண்டு கம்பெனிகள் வழக்குப் போட்டன, 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. இன்றும் அங்கே அதற்குச் சட்டப்படி அர்த்தம் இல்லை.

சரி, தங்கை மகள். அவள் பயணப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பச் சொன்னேன். சாலிசிலிக் அமில ஃபேஸ்வாஷ். வால்நட் ஓட்டுத்தூள் போட்ட ஸ்க்ரப். வைட்டமின் சி சீரம். ரோஸ் வாட்டர். அவள் அம்மா கொடுத்தனுப்பிய கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும். கடைசியில் பையின் பக்க ஜிப்பில் வாய் நசுங்கிய ஒரு சின்ன வெள்ளை ட்யூப்.

"இது என்னடி?"

"அதுவா, மெடிக்கல் ஷாப் அண்ணா குடுத்தாரு. கருப்பு போகும்னு. நல்லா கேட்டுது பெரியம்மா, ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆச்சு. நிறுத்தினாதான் எரியுது, அதனால மறுபடி போடுவேன்."

பொடி எழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். இங்கேதான் கிளிக்மேன் திரும்பி வருகிறார். 1975-ல் வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து நிறத்தைக் குறைக்கும் ஒரு முக்கூட்டு கிரீமை வெளியிட்டவர் அவர்தான். ஒரு வெளுப்பான், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மேல் அவர் நடத்திய சோதனைகளுக்காக இன்றும் திட்டு வாங்குகிறார், அது தனிக் கதை. மங்குக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் போட வேண்டிய மருந்து அது. நம் ஊரில் அது சிவப்பழகு கிரீமாக முகமெங்கும் மாதக்கணக்கில் போகிறது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், இரத்தக் குழாய்களை விரிய வைக்கும், நிறுத்தினால் எரிச்சலும் பருவும் கிளம்பும். இதற்கென்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்ற பொருளில் ஒரு பெயரை வைத்து, அவர்களின் சங்கம் தனிப் பணிக்குழுவும் அமைத்தது. 2018-ல் மத்திய அரசு இந்த வகை கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அண்ணா அப்படியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாநிறத் தோலின் கதையே இதில்தான் இருக்கிறது. வெள்ளைத் தோலில் எரிச்சல் என்றால் சிவக்கும், உடனே தெரியும். நம் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. எரிந்து அடங்கிய பிறகு அந்த இடம் கறுக்கும். "முகத்துல கருப்பு விழுந்துடுச்சு" என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு, எப்போதோ நடந்த எரிச்சலின் தடம். நாம் என்ன செய்கிறோம்? கருப்பைத் தேய்த்து எடுக்கப் பார்க்கிறோம். ஸ்க்ரப் வருகிறது, எலுமிச்சை வருகிறது, ஆசிட் வருகிறது, கடைசியில் வெள்ளை ட்யூப் வருகிறது. ஒவ்வொன்றும் புதிதாக எரிக்கிறது, எரிந்த இடம் மறுபடி கறுக்கிறது. தங்கை மகள் தனக்கு சென்சிட்டிவ் ஸ்கின் என்றாளே, அது அவளுக்குப் பிறப்பிலேயே வந்ததில்லை. வெளுக்க ஆசைப்பட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தேடிக்கொண்டது.

எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதன் சாறு பி.எச். 2-க்குச் சற்று மேலே. சிட்ரஸ் வகைகளில் சொரலன் என்ற பொருள் உண்டு, அது தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளித்துக் கறுக்கும். கடலைமாவு, பயத்தமாவு மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா காலத்தில் மாவை நைசாகச் சலித்து, தயிரில் குழைத்து, வாரத்தில் ஒரு நாள் பூசிக் கழுவினார்கள். இன்று அதே மாவைப் பரபரவென்று தினமும் தேய்க்கிறோம், ஆசிட் போட்ட முகத்தின் மேல். வால்நட் தூள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொட்டை ஓட்டை உடைத்து முகத்தில் தேய்ப்பது யாருடைய யோசனையோ!

அப்படியானால் எதை வாங்குவது? நான் பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாகப் போட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளைத் தேடுங்கள். ஐரோப்பிய விதியில் அதன் உச்சவரம்பே 1 சதவீதம், பெரும்பாலான கம்பெனிகள் அதைத் தாண்டுவதில்லை. அதற்குப் பின்னால் வரும் கற்றாழை, சாமந்தி, முத்துத்தூள், தங்கப்பொடி எல்லாமே ஒரு சிட்டிகைதான். அட்டையில் படம் போட மட்டும் அவை போதும்.

எரியும் முகத்துக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். பட்டியல் சின்னதாக இருக்கட்டும். வாசனை என்ற பெயரில் எதுவும் வேண்டாம், லாவெண்டர் எண்ணெயும் வாசனைதான். 'வாசனையற்றது' என்று போட்டிருந்தாலும் சரக்கின் வாடையை மறைக்க ஒரு வாசனை சேர்த்திருப்பார்கள், பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிசரின் மேல் வரிசையில் இருந்தால் நல்லது. ஐசெத்தியோனேட், குளுட்டமேட், குளுக்கோசைடு, பீட்டைன் இவற்றில் ஒன்றிரண்டு போதும். மெந்தால், கற்பூரம் எதுவும் கூடாது, குளுகுளு என்று இருப்பதும் நரம்பைத் தொட்டுத்தான். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒரு பதனப்பொருள் இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள், 2013-ன் ஒவ்வாமைப் பட்டம் அதற்குத்தான். செரமைடு, நயாசினமைடு சேர்த்ததற்குக் கூடுதல் விலை கேட்டால் எனக்கு மனசு வராது. அரை நிமிடத்தில் சாக்கடைக்குப் போகிற சரக்கு அது. அந்தக் காசில் ஒரு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கி, முகம் ஈரமாக இருக்கும்போதே போடலாம்.

கழுவும் விதத்தில் சொல்ல அதிகம் இல்லை. இரவில் ஒரு முறை, சன்ஸ்க்ரீனும் புகையும் போக. காலையில் வெறும் தண்ணீர். ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் கை துறுதுறுக்கும், அப்போதும் தண்ணீர் போதும். துண்டால் ஒற்றி எடுங்கள்.

புதிய பாட்டிலைச் சோதிப்பதில் ஒன்று கவனிக்க வேண்டும். கையில் தடவிப் பிளாஸ்திரி போட்டு இரவு முழுக்க வைப்பது கிளென்சருக்குப் பொருந்தாது, கழுவிவிட வேண்டியதை அப்படி அடைத்து வைத்தால் யாருக்குமே எரியும். தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும், வழக்கம் போலத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் பாருங்கள். இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக வாங்குங்கள். கழுவிக் கால்மணி நேரம் எதுவும் போடாமல் இருந்து, முகம் இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் அது உங்களுக்கு ஆகாது, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும்.

தங்கை மகளைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். ட்யூபை எப்படி விடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும், பட்டென்று நிறுத்தினால் முகம் கொதிக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி ஒரே ஒரு வாசனையில்லாத கிளென்சர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இவ்வளவு செய்தும் எரிச்சல் நிற்காவிட்டால், குற்றவாளி கிளென்சராகவே இல்லாமல் இருக்கலாம். கண்ணிமை மட்டும் தடித்துச் செதில் விட்டால் நகப்பூச்சைச் சந்தேகப்படலாம், கையால் கண்ணைத் தொடுகிறோமே. நெற்றி நடுவில் மட்டும் என்றால் குங்குமம் அல்லது ஸ்டிக்கர் பொட்டின் பசை. காதோரமும் முடி தொடங்கும் ஓரமும் என்றால் ஷாம்பு, அல்லது ஹேர் டை. கிராமத்துப் பக்கம் வெளிவேலை செய்பவர்களுக்கு முகமும் கழுத்தும் சேர்ந்து தடித்தால் பார்த்தீனியம் செடி. இவற்றைக் கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் என்ற சோதனை இருக்கிறது. முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது, ஆகையால் கோடையில் நாள் குறிக்காதீர்கள். போகும்போது முகத்திலும் தலையிலும் படுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டை பாக்கெட்டையும் சேர்த்து. அதை மட்டும் வெட்கப்பட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.